வேலைக்கு எடுத்தோம், அப்புறம்தான் கேட்க ஆரம்பித்தோம்

2017ல் எங்கள் கம்பெனியில் தீயணைப்பு ஒத்திகை நடந்தது. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களுக்கு இது பழக்கமான விஷயம்தான், பையர், அதாவது எங்களிடம் துணி வாங்குகிற கம்பெனி, தரப்பிலிருந்து ஆடிட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பதே ஒத்திகை நடந்த தேதியையும் போட்டோவையும்தான். அலாரம் அடித்தால் மெஷினை நிறுத்திவிட்டுப் படி வழியாக இறங்கி, வாசலில் மஞ்சள் பெயின்ட் அடித்த இடத்தில் போய் நிற்க வேண்டும், அங்கே லைன் சூப்பர்வைசர்கள் தலை எண்ணுவார்கள். எனக்கு இடது காலில் போலியோ. காலைத் தாங்குகிற காலிபர் போட்டு நடப்பதால் கூட்டத்தோடு படியில் இறங்க மாட்டேன், எல்லாரும் போன பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்குவேன். அன்றைக்கும் அப்படித்தான். மெஷின் சத்தம் அடங்கி, அலாரம் மட்டும் காதைக் கிழித்துக்கொண்டிருந்தது. பேக்கிங் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்த மூலைக்குப் பின்னால் மட்டும் டியூப்லைட் வெளிச்சம் தெரிந்தது. போய்ப் பார்த்தால் செக்கிங் டேபிளில் மூன்று பெண்கள். மூவருக்கும் காது கேட்காது. குனிந்த தலை நிமிராமல் பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம் என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். 120 பேர் உட்கார்ந்திருக்கும் ஹால் காலியாகக் கிடந்தது. அவள் முகம் செத்துப்போயிற்று. பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்து இழுத்தாள், அவள் அடுத்தவளை இழுத்தாள், நாலு பேருமாகப் படி இறங்கினோம். கீழே வந்தால், தலை எண்ணி முடித்து எல்லாரும் வந்தாயிற்று என்று கையெழுத்தும் போட்டு வைத்திருந்தார்கள்.

அந்த மூவரையும் வேலைக்கு எடுத்தது நான். பர்சனல் செக்‌ஷனைப் பார்ப்பவள் நான்தான். நானே மாற்றுத்திறனாளி, அதனால் மாற்றுத்திறனாளிகளுக்கு என்ன தேவை என்று எனக்குத் தெரியும் என்றுதான் அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்திருந்தது என் காலைப் பற்றி மட்டும்தான். படிக்குக் கைப்பிடி இருக்கிறதா என்று என் கண் தானாகவே பார்க்கும், அலாரம் கண்ணுக்குத் தெரியுமா என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

மறுநாள் காது கேளாதோர் பள்ளி ஆசிரியை ஒருவரை வரச்சொல்லி, அவர் சைகையில் பேச, மூன்று பேரோடும் உட்கார்ந்தோம். நான் சொன்ன யோசனை, ஹாலில் ஒரு சிவப்புச் சுழல் விளக்கு மாட்டலாம் என்பது. அவர்கள் தலையாட்டிவிட்டு, சரி, பாத்ரூமுக்குள் இருந்தால் என்ன செய்வது என்று கேட்டார்கள். எனக்கு அது தோன்றவே இல்லை. சாப்பிடும் இடத்துக்கு ஒன்று, பாத்ரூமுக்கு ஒன்று, ஹாலில் இரண்டு என்று எங்கள் எலக்ட்ரீஷியனே வாங்கி, அலாரம் ஸ்விட்சோடு சேர்த்து இணைத்துவிட்டார். மூவருக்கும் பக்கத்து டேபிளில் ஆளுக்கு ஒருவர் பொறுப்பு, விளக்கு வேலை செய்யாவிட்டாலும் தோளைத் தொட்டுக் கூட்டிப்போக வேண்டும். அந்தப் பொறுப்பு யாருக்கு என்பதையும் அவர்களையே சொல்லச் சொன்னோம், ஏனென்றால் தொட்டுக் கூப்பிடுகிற ஆள் தனக்குப் பிடித்த ஆளாக இருக்க வேண்டும் இல்லையா.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்த நாள்தான். மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை கொடுங்கள் என்று எல்லாரும் சொல்கிறோம். ஆளை எடுப்பது ஒரு நாளில் முடிகிற காரியம். எடுத்த ஆள் அடுத்த வருஷமும் அதே கம்பெனியில் இருக்கிறாரா என்பதுதான் நான் இப்போது பார்க்கிற கணக்கு. அதற்கு என்னென்ன செய்தோம், எங்கே கோட்டை விட்டோம் என்று எழுதி வைத்தால் யாராவது ஒரு சூப்பர்வைசருக்கோ மேனேஜருக்கோ உதவும்.

என் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்தது 1998ல். பி.காம். அஞ்சல் வழியில் முடித்து, டைப்ரைட்டிங்கும் பாஸ் பண்ணியிருந்தேன். அப்போது மாற்றுத்திறனாளி என்ற சொல் புழக்கத்தில் இல்லை, 2010ல் கலைஞர் முதல்வராக இருந்தபோதுதான் அது அரசாங்கச் சொல்லானது. அதுவரை விண்ணப்பத்தில் ஊனமுற்றோர் என்ற கட்டத்தில்தான் டிக் போடுவோம். இன்டர்வியூவில் என் சர்டிபிகேட்டை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. “உக்காந்த எடத்துல பாக்கற வேலையா எதாச்சும் இருந்தா அந்தப் புள்ளைக்குக் குடுங்க” என்று முதலாளி மேனேஜரிடம் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். டெலிபோன் ஆபரேட்டர் ஆனேன். 6 வருஷம் “வணக்கம், சொல்லுங்க” என்று லைனைப் போட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் காலத்தில் இது ஊர் வழக்கம். பார்வை இல்லாதவர் என்றால் டெலிபோன் போர்டு, இல்லாவிட்டால் நாற்காலிப் பின்னல். கால் வராதவர் என்றால் எஸ்.டி.டி. பூத், அப்புறம் ஆவின் பூத். பூத் ஒதுக்கும்போது எங்களுக்கு முன்னுரிமை இருந்தது, அது எத்தனையோ குடும்பத்துக்குச் சோறு போட்டது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மொபைல் வந்த சில வருஷத்தில் அந்த மஞ்சள் பெட்டிகள் காணாமல் போனபோது, அதில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு வேறு எந்த வேலையும் யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன் பி.எஸ்ஸி. கணிதம் படித்தவர், 11 வருஷம் பில் கிழித்துக் கொடுத்துவிட்டு, கடையை மூடிய அன்று எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, இனிமேல் எனக்கு எவன் வேலை குடுப்பான் என்று கேட்டார். ஆளுக்கு என்ன தெரியும் என்று பார்க்காமல் எந்த உறுப்பு வேலை செய்யவில்லை என்று பார்த்து வேலை கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

எனக்கும் அந்தக் கதி வந்திருக்கும். 2004ல் சம்பளக் கணக்கு போடுகிறவர் ஒரு வெள்ளிக்கிழமை சொல்லாமல் நின்றுவிட்டார். திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம் போடாமல் இருக்க முடியாது. நான் போடுகிறேன் என்று சொல்லி ராத்திரி 11 மணி வரை உட்கார்ந்து போட்டேன். எனக்குக் கணக்கு வரும் என்பது அன்றைக்குத்தான் கம்பெனிக்குத் தெரிந்தது. எல்லாருக்கும் அப்படி ஒரு வெள்ளிக்கிழமை வாய்க்காது. அதனால் இன்றைக்கும் புதிதாக ஒருவர் வந்தால், என்ன முடியாது என்று ஆரம்பிக்க மாட்டேன், இதுவரை என்னென்ன வேலை செய்திருக்கிறீர்கள், வீட்டில் என்ன செய்வீர்கள், எது பிடிக்கும் என்றுதான் ஆரம்பிப்பேன். வீட்டில் தையல் மெஷின் ரிப்பேர் பார்ப்பேன் என்று சொன்ன ஒரு பையனை, அவன் அப்பா பேக்கிங்குக்கு என்று கூட்டிவந்தவனை, மெக்கானிக்கிடம் உதவியாளாக விட்டோம்.

சட்டம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதலாளிகளிடம் பேசும்போது இதுதான் கைகொடுக்கும். 1995ல் வந்த சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, அரசு வேலையில் 3 சதவீதம் ஒதுக்கீடு. 2016ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 வகையாக்கி, ஒதுக்கீட்டை 4 சதவீதமாக்கியது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, மனநோய், ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள் எல்லாரும் அதில் வருகிறார்கள். தனியார் கம்பெனி இத்தனை பேரை எடுத்தே ஆக வேண்டும் என்று அதில் இல்லை, வேலையாட்களில் 5 சதவீதமாவது மாற்றுத்திறனாளிகள் இருக்கும்படி தனியாருக்கு ஊக்கம் கொடுக்கச் சொல்கிறது. ஆனால் ஒன்று கட்டாயம். தனியார் நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை எழுதி வைக்க வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடம் என்றால், எந்தெந்த வேலைக்கு மாற்றுத்திறனாளிகளை எடுக்கலாம், என்ன வசதி செய்து தரப்படும், பொறுப்பான ஆள் யார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். எங்கள் கம்பெனியில் முதலில் ஆடிட்டுக்காக எங்கிருந்தோ எடுத்த இரண்டு பக்க இங்கிலீஷ் பேப்பரை நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம், அதை யாரும் படிக்கவில்லை. ஒத்திகைக்குப் பிறகுதான் அதைக் கிழித்துவிட்டு, தமிழிலும் இந்தியிலும், ஒவ்வொரு செக்‌ஷனாக நடந்துபோய்ப் பார்த்து எழுதினோம்.

ஆள் எங்கே கிடைக்கும் என்று பலர் கேட்கிறார்கள். விளம்பரம் போட்டோம், யாருமே வரவில்லை என்று சொல்கிற கம்பெனிகளின் விளம்பரத்தை வாங்கிப் பாருங்கள். நாங்கள் போட்ட ‘ஆட்கள் தேவை’ நோட்டீஸில், காது கேளாதவர்களுக்கு முன்னுரிமை என்று போட்டுவிட்டு, கீழே தொடர்புக்கு என்று ஒரு போன் நம்பர் மட்டும் கொடுத்திருந்தோம். அவர்கள் எப்படிப் போன் பண்ணுவார்கள்? 15 நாள் ஒரு போனும் வரவில்லை, ஆளே இல்லை போல என்று நாங்களும் விட்டுவிட்டோம். செக்கிங் டேபிளில் இருந்த பெண்தான் அந்த நோட்டீஸை எடுத்து வந்து, நம்பர் மேல் விரலை வைத்து, காதைத் தொட்டுக் கையை விரித்துக் காட்டினாள். அதே நம்பருக்குப் பக்கத்தில் வாட்ஸ்அப் வீடியோ கால் செய்யலாம் என்று சேர்த்தோம், நேரில் வர வேண்டிய நாளையும் கம்பெனிக்கு வழியையும் படமாகப் போட்டோம். அதை அவளே தன் குரூப்பில் போட்டுவிட்டாள். அந்த வாரமே 9 பேர் வந்தார்கள். கலெக்டர் ஆபீஸில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்துகிற முகாம்கள், சிறப்புப் பள்ளிகள், இவற்றிலும் சொல்லி வைக்கலாம், ஆனால் ஏற்கெனவே உங்களிடம் வேலை செய்கிற ஒருவர் ‘இங்கே வாங்க’ என்று சொன்னால் வருகிற நம்பிக்கை வேறு.

வருகிறவர்கள் பெரும்பாலும் தனியாக வர மாட்டார்கள். அம்மா வருவார், இல்லாவிட்டால் மாமா. “இவனுக்கு ஒண்ணும் தெரியாதுங்க மேடம், நீங்கதான் பாத்துக்கோணும்” என்று அந்த அம்மா கண்கலங்குவார், 24 வயசுப் பையன் தலையைக் குனிந்துகொண்டு பக்கத்தில் நிற்பான். என் அம்மாவும் அப்படித்தான் நின்றார், அதனால் அவர்கள் மேல் எனக்குக் கோபம் வராது. அம்மாவுக்கு டீ சொல்லிவிட்டு, பையனை மட்டும் கூட்டிக்கொண்டு ஹாலைச் சுற்றிக் காட்டுவேன். அரை மணி நேரத்தில் ஆளே வேறாகத் தெரிவான். சில வீடுகளில் இன்னொரு பயமும் உண்டு, வாயால் சொல்ல மாட்டார்கள், வேலைக்குப் போனால் மாதாமாதம் வருகிற உதவித்தொகை நின்றுவிடுமோ என்று. ‘யோசிச்சுச் சொல்றோம்ங்க’ என்று போகிற பல பேர் அதனால்தான் திரும்பி வருவதில்லை என்று எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. இப்போது நானே அந்தப் பேச்சை எடுத்துவிடுவேன், எந்த உதவித்தொகை, அதற்கு என்ன விதி என்று நல அலுவலகத்தில் நேரில் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்த பிறகு முடிவு செய்யுங்கள் என்பேன்.

அடுத்த தப்பு, எழுதிக் காட்டினால் போதும் என்று நினைத்தது. காது கேட்காது, ஆனால் படித்திருக்கிறார்கள், பேப்பரில் எழுதிக் கொடுத்தால் புரியுமே என்றுதான் நானும் நினைத்தேன். சைகை மொழியே தாய்மொழியாக வளர்ந்த பலருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாவது மொழி மாதிரி, சைகையில் சொல் அடுக்குகிற வரிசையே வேறு. ஒரு தடவை ஆர்டர் அவசரம், சனிக்கிழமை லீவு, அதற்குப் பதில் ஞாயிறு வர வேண்டும் என்பதை ‘சனிக்கிழமைக்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமை பணிக்கு வரவும்’ என்று எழுதி ஒட்டினோம். ஓவர்லாக் என்ற தையல் மெஷின் ஓட்டுகிற, காது கேளாத தம்பி ஒருவன் சனிக்கிழமை, பணி, வரவும் என்று பிடித்துக்கொண்டு சனிக்கிழமை காலை 8 மணிக்கே வந்து பூட்டின கேட் முன்னால் நின்றிருக்கிறான். வாட்ச்மேனும் அன்று இல்லை. 10 மணி வரை நின்றுவிட்டு, பூட்டின கேட்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினான். ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. சூப்பர்வைசர் ஆப்சென்ட் போட்டுவிட்டார். அந்த ஆப்சென்டை அடித்துவிட்டு அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இப்போது எந்த மாற்றம் என்றாலும் அவர்களில் ஒருவர் சைகையிலேயே வீடியோ எடுத்து குரூப்பில் போட்டுவிடுவார், அரை நிமிஷம்கூட ஆகாது. காலண்டரில் லீவு நாளில் சிவப்பு, வேலை நாளில் பச்சை ஒட்டுகிறோம். செக்கிங்கில் டேமேஜ் வகைகளை எழுதி வைத்திருந்த சார்ட்டை எடுத்துவிட்டு, நிஜப் பீஸையே போர்டில் குத்தி வைத்தோம். ஓட்டை விழுந்தது ஒன்று, ஆயில் கறை ஒன்று, தையல் விட்டது ஒன்று, பக்கத்தில் நல்ல பீஸ் ஒன்று. இது காது கேளாதவர்களுக்காகச் செய்தது. ஆனால் அதன் முன்னால் போய் நின்று அதிகம் பார்த்தவர்கள் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள்தான், தமிழ் தெரியாமல் திட்டு வாங்கிக்கொண்டிருந்தவர்கள். புதிதாக வருகிற யாருக்கும் செக்கிங் சொல்லிக்கொடுக்க இப்போது அந்த போர்டுதான்.

சைகை மொழி கற்றுக்கொள்ளுங்கள் என்று சூப்பர்வைசர்களிடம் சொன்னால் முதலில் பயப்படுவார்கள். டெல்லியில் 2015ல் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் போட்டிருக்கிற அகராதியில் 10,000 சொல் இருக்கிறது, வீடியோவாகப் பார்க்கலாம். ஆனால் ஃப்ளோரில் ஓட்ட 40 சொல் போதும், அதில் பாதி எந்த அகராதியிலும் இருக்காது. பேட்லாக் என்கிற தையல் மெஷினுக்கு இரண்டு விரலைச் சேர்த்துத் துணி மேல் இழுப்பது போல ஒரு சைகை, கட்டிங் மாஸ்டருக்கு மீசையை முறுக்குவது, எல்லாம் அந்தப் பெண்களே வைத்தது. எனக்கும் ஒரு பெயர் இருக்கிறது, இடது தொடையில் இரண்டு தட்டு. காலிபருக்காக. முதல் தடவை அதைப் பார்த்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது, எத்தனையோ பேர் என் காலைப் பார்க்காத மாதிரி நடித்திருக்கிறார்கள், இவர்கள் பார்த்து அதையே பெயராக வைத்துக்கொண்டார்கள்.

மெஷின் விஷயத்துக்கு வருகிறேன். வலது கால் வராத ஒரு தம்பி, வீட்டிலேயே தையல் கற்றவன், கை அவ்வளவு சுத்தம். ஆனால் ஓவர்லாக் மெஷினுக்கு இரண்டு பெடல், ஒன்று ஓட்டுவதற்கு, இன்னொன்று துணியை அழுத்திப் பிடிக்கிற ஃபுட்டைத் தூக்குவதற்கு. இரண்டு காலும் வேண்டும். அதனால் அவனுக்கு டிரிம்மிங் கொடுக்கலாம் என்று முடிவாகிவிட்டது, நூல் வெட்டுகிற வேலை, டெய்லர் கூலியில் பாதிகூட வராது. அவன்தான் விடவில்லை. “அக்கா, சிங்கர் மெஷின்ல முட்டியால தூக்குவாங்கல்ல, அது மாதிரி இதுல வெச்சுத் தர முடியாதுங்களா?” என்று கேட்டான். மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டோம். மெஷினுக்கு அடியில் படுத்துப் பார்த்தார், பழைய சிங்கர் மெஷினிலிருந்து முட்டி லீவரைக் கழற்றினார், ஒரு கம்பியை வளைத்து வெல்டிங் வைத்தார், ஓட்டுகிற பெடலை இடது காலுக்கு நேராகக் கொஞ்சம் தள்ளி வைத்தார். மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் ஆரம்பித்தது டீ டைமுக்குள் முடிந்தது. “இவ்ளோதானுங்களா? இதைய முன்னாடியே கேட்டிருந்தா முன்னாடியே பண்ணியிருப்பனே” என்றார். தம்பி உட்கார்ந்து முதல் பீஸை ஓட்டி, தையலை இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்துவிட்டு, எதுவும் பேசாமல் அடுத்த பீஸை எடுத்தான். இன்றைக்கு அந்த லைனில் பீஸ் ரேட்டில் அதிகம் எடுக்கிறவர்களில் அவனும் ஒருவன். ஆளை எந்த வேலைக்கு எடுக்கலாம் என்று ஆபீஸில் பேசும்போது, மெக்கானிக்கையும் கூடவே உட்கார வையுங்கள். ஆபீஸில் இருக்கிற நமக்கு முடியாது என்று தோன்றுவது அவருக்கு ஒரு மத்தியான வேலை.

எல்லாம் இப்படி நன்றாக முடியவில்லை. பார்வை ரொம்பக் குறைவான ஒரு தம்பி ஆபீஸ் வேலைக்கு வந்தான். கம்ப்யூட்டரில் என்.வி.டி.ஏ. என்ற திரை வாசிப்பான் வைத்துத்தான் வேலை செய்வான், அது இலவசம், பார்வை இல்லாத இரண்டு ஆஸ்திரேலிய இளைஞர்கள் 2006ல் ஆரம்பித்தது, திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும். எக்செல்லில் அவன் வேகம் எனக்கு வராது. ஆனால் எங்கள் தமிழ் ஃபைல்கள் எல்லாம் பாமினி ஃபான்டில் இருந்தன. கண்ணுக்கு ‘அம்மா’ என்று தெரியும், கம்ப்யூட்டருக்கு அது வெறும் இங்கிலீஷ் எழுத்துகள். எழுத்தெழுத்தாகப் போனால் எம், கே, செமிகோலன், கே, ஹெச் என்று வாசிக்கும். அவன் ஹெட்போனைக் கழற்றி என் காதில் வைத்தபோதுதான் எனக்கு விஷயமே புரிந்தது. 14 வருஷத்து சர்க்குலர், லீவ் ஃபார்ம், சம்பள நோட்டீஸ் எதையும் அவனால் படிக்க முடியாது. ஒரு மாதம் உட்கார்ந்து எல்லாவற்றையும், கம்ப்யூட்டர் தமிழாகவே படிக்கிற யூனிகோடுக்கு மாற்றினோம். ஸ்கேன் பண்ணி அனுப்பினால் அவனுக்கு அது வெறும் படம், அதனால் டைப் பண்ணியே அனுப்ப வேண்டும் என்று மற்ற செக்‌ஷன்களுக்கும் சொன்னோம். எல்லாம் சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

7 மாதத்தில் அவன் வேலையை விட்டுவிட்டான். கடைசி நாளில் நான் கேட்ட பிறகுதான் சொன்னான். கம்பெனி வேன் மெயின் ரோட்டில் இறக்கிவிடும், அங்கிருந்து கேட் வரை அரை கிலோமீட்டருக்கு மேல் நடை, ஒரு பக்கம் மூடாத சாக்கடை, ராத்திரியில் லைட் கிடையாது. இரண்டு தடவை விழுந்திருக்கிறான். முழங்கையில் காயத்தைப் பார்த்து நான் கேட்டதற்கு பைக்கில் போகும்போது விழுந்தேன் என்று சொல்லியிருந்தான். “அப்பவே சொல்லியிருக்கலாமே கண்ணு” என்றேன். “எனக்காக இவ்வளவு மாத்திட்டீங்க அக்கா, அதுக்கு மேல இதையும் எப்படிக் கேக்கறது” என்றான். வேனைக் கேட் வரை வரச்சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த பிறகு என்ன வேண்டும் என்று கேட்ட நான், வீட்டிலிருந்து கம்ப்யூட்டர் வரை எப்படி வருகிறாய் என்று கேட்கவில்லை. இப்போது சேருகிற ஒவ்வொருவரிடமும், வீட்டுக் கதவைத் திறந்ததிலிருந்து இங்கே வந்து உட்காருவது வரைக்கும், அப்புறம் திரும்பிப் போவது வரைக்கும் சொல்லு என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன். முதல் மாதத்தில் வாரம் ஒரு நாள் நானே போய்க் கேட்பேன். உதவி கேட்பதே பாரம் என்று நினைக்கிறவர்கள் அவர்களாக வந்து சொல்ல மாட்டார்கள்.

அந்தத் தம்பி பிறகு வங்கித் தேர்வு எழுதி கிளார்க் ஆகிவிட்டான். அந்த மாதிரித் தேர்வுகளில் இவனைப் போன்றவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஆள் வைத்துக்கொள்ளலாம், ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிஷம் கூடுதலாகக் கிடைக்கும். இது தெரியாமல் இன்னும் பல பிள்ளைகள் தேர்வுப் பக்கமே போவதில்லை. எழுதும்போது கை இழுத்துக்கொள்கிற ஒருவருக்கு, குறைபாடு 40 சதவீதம் இல்லை என்று எழுத ஆள் மறுத்த வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. அதனால் சர்டிபிகேட்டில் சதவீதம் குறைவு என்று யாரும் கேட்காமலே இருந்துவிட வேண்டாம்.

சம்பளத்தில் ஒரு பைசா குறைக்கக் கூடாது, அதே பீஸுக்கு அதே ரேட். ‘நாங்க வேலை குடுக்கறதே பெருசு’ என்று குறைத்துக் கொடுக்கிற இடங்களை எனக்குத் தெரியும், அங்கிருந்து வந்தவர்கள் எங்களிடம் இருக்கிறார்கள். பணப் பக்கத்தில் கம்பெனிக்கும் சில விஷயம் உண்டு. ஈ.எஸ்.ஐ.யில் சேர மாதச் சம்பள வரம்பு மற்றவர்களுக்கு ₹21,000 வரை என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கு ₹25,000 வரை. ₹25,000 வரை சம்பளம் வாங்குகிற மாற்றுத்திறனாளிகளுக்கு முதலாளி கட்ட வேண்டிய பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பங்கை 3 வருஷத்துக்கு மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2008ல் வந்தது, உங்கள் கணக்கரிடம் சொல்லி விசாரிக்கச் சொல்லுங்கள். ஆளிடம் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள், இல்லாவிட்டால் விண்ணப்பிக்க ஒரு நாள் லீவு கொடுங்கள்.

பதவி உயர்வில்தான் நிறைய இடம் தடுக்கி விழுகிறது. ஒத்திகை அன்று என்னைப் பார்த்துச் சிரித்தாளே, அந்தப் பெண் 6 வருஷம் செக்கிங்கில் இருந்தாள். டேபிள் இன்சார்ஜ் பதவிக்கு அவள் பெயரைச் சொன்னபோது, வாயால சத்தம் போடாம எப்படி 12 பேரை வேலை வாங்கும் என்று கேட்டார்கள். இரண்டு மாதம் பார்ப்போம் என்றேன். அவளைப் போய்ப் பார்த்தால், டேபிளில் ஒரு தட்டு தட்டுகிறாள், அதிர்வில் எல்லாரும் நிமிர்கிறார்கள். ஓட்டைக்குச் சிவப்பு ஸ்டிக்கர், கறைக்கு மஞ்சள், தையலுக்கு நீலம் என்று அவளே பிரித்திருக்கிறாள், சாயங்காலம் டப்பாவில் எந்தக் கலர் அதிகம் என்று பார்த்தால் எந்த லைனில் கோளாறு என்று தெரிந்துவிடும், சூப்பர்வைசர் வந்து வாயே திறக்காமல் டப்பாவைப் பார்த்துவிட்டு அந்த லைனுக்குப் போகிறார். சம்பளம் ஏறியதும் அவள் முதலில் வாங்கியது தம்பிக்கு சைக்கிள். போட்டோ காட்டினாள்.

இப்போது புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள், வீல்சேரில் இருப்பவள், மெர்ச்சண்டைசிங் வேலைக்கு, அதாவது பையரோடு ஆர்டர், சாம்பிள் பற்றிப் பேசுகிற வேலைக்கு. இங்கிலீஷும் ஹிந்தியும் நன்றாகப் பேசுகிறாள், ஃபேஷன் படிப்பு. மெர்ச்சண்டைசிங் செக்‌ஷன் மேல் மாடி, உனக்கு மட்டும் கீழே டேபிள் போட்டுத் தருகிறோம் என்று மேனேஜர் சொன்னார். “சாம்பிள் பத்திப் பேசறது எல்லாம் மேலதானே நடக்கும் சார், நான் மட்டும் கீழே உக்காந்தா எனக்கு எப்படித் தெரியும்?” என்று அவள் கேட்டதும் மேனேஜர் கொஞ்ச நேரம் யோசித்தார். சாம்பிள் ரேக்கோடு மொத்த செக்‌ஷனும் கீழே வருகிறது, மேலே ஸ்டோர் போகிறது. வாசலில் ஏற்கெனவே சாய்தளம் இருக்கிறதே என்று நான் காட்டினேன், அது டிராலி ஏற்றுவதற்குக் கட்டியது, செங்குத்தாக இருக்கும். ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும் மேடம், இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் யாராவது தள்ள வேண்டும் என்றாள். அதையும் நீட்டிக் கட்டியாயிற்று. சம்பளம் பேசுவதற்கு முன்னாலேயே பாத்ரூம் கதவு எத்தனை அடி அகலம் என்று கேட்டாள். டேப் வைத்து அளந்தேன், இரண்டே கால் அடி, அதுவும் உள்பக்கம் திறக்கிற கதவு. மூன்று அடி வேண்டும், வெளிப்பக்கம் திறக்க வேண்டும்.

நேற்று மேஸ்திரி பழைய நிலையைப் பெயர்த்து எடுத்துவிட்டார். புதுசை வைத்துப் பூசியிருக்கிறார், காய வேண்டும். திங்கட்கிழமை அவளே வந்து சேரை உள்ளே விட்டு, கதவைச் சாத்தி, திருப்பி வெளியே வந்து பார்த்துவிட்டுத்தான் ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடுவாளாம். சரி, அப்படியே செய்யலாம் என்று சொல்லியிருக்கிறேன்.